ஐந்து கிராம் கசடு

அந்த வேரின் சாறு தண்ணீரில் கரையவில்லை. பத்தொன்பது வருடங்களாகக் கரையவில்லை. அதைக் கரைப்பதற்கென்றே மூன்று மாடியில் ஒரு நிறுவனம் கட்டி, நாற்பத்திரண்டு பேரை வேலைக்கு வைத்து, வாசலில் இரண்டு தொட்டிகளில் அந்தச் செடியையும் நட்டு வைத்திருந்தார்கள். செடிகள் நன்றாகத்தான் இருந்தன.

வேரை ஸ்பிரிட்டில் ஊறவைத்து வற்றவைத்தால் அடியில் ஒரு பழுப்புத் தூள் நிற்கும். மற்ற மருந்துகளுக்கு மசியாத கிருமிகளையும் அது கொல்லும். இது நிறுவனம் வருவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சிக்கல் ஒன்றுதான். தண்ணீரில் போட்டால் தூள் மணல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கிருமி மேலே நிம்மதியாக இருக்கும். கரைந்தால் அது மருந்து. கரையாதவரை அது ஆராய்ச்சி.

நிறுவனத்தில் ஒரு அரைப்பாளர் இருந்தார். வேதியியல் படிப்பை இரண்டாம் ஆண்டில் விட்டுவிட்டு வந்தவர். தூளையும், அதோடு சேர்க்கச் சொல்லும் மற்ற பொருளையும் பீங்கான் கல்வத்தில் போட்டு இருபது நிமிடம் அரைத்துக் கொடுப்பது வேலை. பதவிக்குப் பின்னால் 'தற்காலிகம்' என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. எண்பத்தொன்பது நாளுக்கு ஒருமுறை அவரை நீக்குவார்கள். ஒருநாள் வீட்டில் இருந்துவிட்டு மறுநாள் வந்து சேர்ந்துகொள்ள வேண்டும். இப்படிப் பதினோரு வருடத்தில் நாற்பத்து நான்கு முறை நீக்கப்பட்டிருந்தார். கோப்பின்படி அவர் எப்போதுமே புதுசு.

இந்த வருடம் அவருடைய பெயர் நிரந்தரப் பட்டியலில் இருந்தது. பட்டியல் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மேலிடத்துக்குப் போக வேண்டும். அதுவரை கையில் எதுவும் உடையாமல், வாயிலிருந்து எதுவும் வராமல் இருந்தால் போதும் என்று அவருடைய மனைவி சொல்லியிருந்தாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். கறை விஷயத்தில் அனுபவம் உண்டு.

நிறுவனத்தின் பெருமை வடிதாள் விதி. யாருக்கு எத்தனை கிராம் தூள் கொடுத்தாலும், சோதனை முடிந்ததும் தண்ணீரை வடிதாளில் ஊற்ற வேண்டும். தாளில் தங்கும் கசடைக் காயவைத்து, எடைபோட்டு, இரண்டு பேர் கையெழுத்தோடு திருப்பித் தர வேண்டும். ஐந்து கிராம் வாங்கினால் ஐந்து கிராம் திரும்ப வரவேண்டும். விதியை எழுதியவருக்குத் தூள் கரையாது என்பதில் அவ்வளவு நம்பிக்கை. திரும்பி வந்த கசடெல்லாம் சின்னச் சின்னப் பாட்டில்களில் இரண்டாம் மாடியில் ஒரு குளிரூட்டிய அறையில் அடுக்கப்பட்டிருந்தது. பதினோராயிரம் பாட்டில்கள். விருந்தினர் வந்தால் முதலில் அங்கேதான் அழைத்துப்போவார்கள்.

இயக்குநர் அந்த அறையில் நின்று பேசும் பேச்சு எல்லோருக்கும் மனப்பாடம். "வேற நிறுவனங்கள்ல போய்க் கேட்டுப் பாருங்க. மருந்து கண்டுபிடிச்சேன், அது கண்டுபிடிச்சேன் இது கண்டுபிடிச்சேன்னுவாங்க. வாங்கின தூள் எங்கடான்னு கேட்டா முழிப்பாங்க. இங்க பத்தொன்பது வருஷத்துல ஒரு கிராம் கூட வெளிய போனதில்ல. எல்லாம் அப்படியே இருக்கு. தொட்டுப் பாக்கலாம்." விருந்தினர்கள் தொட்டுப் பார்ப்பார்கள்.

அன்றைக்கு அரைப்பாளருக்குக் கொடுத்தது ஐந்து கிராம் தூளும் இருபது கிராம் சர்க்கரையும். டீயில் போடும் சர்க்கரை கிடையாது. மாவுச்சத்திலிருந்து எடுப்பது. அதன் ஒவ்வொரு துணுக்கும் நடுவில் குழியுள்ள வளையம் மாதிரி இருக்கும். கரையாத பொருள் அந்தக் குழிக்குள் போய் ஒளிந்துகொண்டால் சர்க்கரையோடு சேர்ந்து தண்ணீரில் இறங்கிவிடும். அவர் படிப்பை விடுவதற்கு முந்தின வாரம் வகுப்பில் சொன்னது இது. நிறுவனத்தில் இதே சர்க்கரையை மூன்று வருடம் முயன்றிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம், உலர்வாக. ஒளிந்துகொள்ள அந்த நேரம் போதவில்லையோ என்னவோ.

இருபது நிமிடம் முடிந்தது. கல்வத்திலிருந்து எடுக்க இருப்பு அதிகாரியின் கையெழுத்து வேண்டும். அவரை எல்லோரும் தராசு என்பார்கள். தராசு, நேரம் தவறாமை பற்றிய கூட்டத்துக்குப் போயிருந்தார். கூட்டம் ஒன்றரை மணிநேரம் தாமதமாக முடிந்தது. கல்வத்தில் பொருள் இருக்கும்போது குழவி நிற்கக் கூடாது என்று இன்னொரு விதி இருந்ததால் அரைப்பாளர் அரைத்துக்கொண்டே இருந்தார். தூள் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. தும்மினால் எடை குறையும். அதனால் கொஞ்சம் தண்ணீரும் நாலு சொட்டு ஸ்பிரிட்டும் விட்டு மாவு பிசைவதுபோலப் பிசைந்தார். பிசைந்தது மஞ்சள் சாந்தாக மாறியது. கையெழுத்து வந்ததும் அதைக் காயவைத்துப் பொடித்து, இரண்டு லிட்டர் தண்ணீரில் கொட்டிக் கலக்கினார்.

அடியில் ஒன்றும் உட்காரவில்லை. தண்ணீர் தெளிந்த மஞ்சளாக நின்றது. பாட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்க முடிந்தது. வடிதாளில் ஊற்றினார். தாள் ஈரமானது. மற்றபடி அவர் மனைவி துவைத்துப் போட்ட தலையணை உறை மாதிரி இருந்தது.

அரைப்பாளருக்கு அப்போது வந்தது சந்தோஷமில்லை. தாளைத் திருப்பி மறுபக்கத்திலும் கசடைத் தேடினார்.

தாளைக் காயவைத்து எடுத்துக்கொண்டு போனார். தராசு எடைபோட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டார்.

"எங்க?"

"எது சார்?"

"கசடு."

"இல்ல சார். கரைஞ்சிருச்சு."

தராசு பேனாவை மூடிவைத்தார். "பன்னெண்டு வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். ஒருத்தன் கீழ கொட்டிருச்சுன்னான். ஒருத்தன் ஃபேன் காத்துல பறந்துருச்சுன்னான். கரைஞ்சிருச்சுன்னு வந்து நின்ன மொத ஆளு நீதான்யா. கொஞ்சம் நம்புற மாதிரி சொல்லக் கூடாதா?"

"சார், இது கரைக்கிற நிறுவனம் சார்."

"கரைக்க முயற்சி பண்ற நிறுவனம். வெளிய பலகையில முழுசா எழுதியிருக்கு, போய்ப் படி."

"அப்ப சுழியம்னு போட்டுக்குங்க சார்."

"சுழியமா? இந்தக் கட்டத்துல சுழியம் போட்டா காணாமப் போச்சுன்னு அர்த்தம். காணாமப் போச்சுன்னா எடுத்த ஆள் பேரு பக்கத்துக் கட்டத்துல வரணும்." தராசு பேனாவைத் திறந்தார். "உன் பேரை முழுசா சொல்லு. தகப்பன் பேரோட."

இப்படித்தான் ஐந்து கிராம் திருட்டு வழக்கு தொடங்கியது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

மறுநாள் விசாரணைக் குழு கூடியது. இயக்குநர், தராசு, வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்பதற்காக ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். மேசையில் மஞ்சள் பாட்டில். அரைப்பாளர் நின்றுகொண்டிருந்தார். நாலாவது நாற்காலி இருந்தது. அதில் கோப்பு உட்கார்ந்திருந்தது.

"தூள் எங்க இருக்குன்னு சொல்ற?" என்றார் இயக்குநர்.

"இந்தத் தண்ணியில சார்."

"காட்டு."

"இந்த மஞ்சள்தான் சார்."

"அது நிறம். நிறத்தை நான் இருப்புல எடுத்துக்க முடியுமா? நாளைக்கு ஒருத்தன் வந்து, சார் மேசையக் காணோம், ஆனா பழுப்பு இருக்குன்னான்னா?"

தராசு சிரித்தார். ஓய்வுபெற்றவர் கண்விழித்து, "கரைஞ்சுதா?" என்று கேட்டார்.

"அப்படித்தான் சார் குற்றவாளி சொல்றார்," என்றார் தராசு. ஓய்வுபெற்றவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

தூளைத் தின்றிருக்கலாம் என்று தராசுக்கு ஒரு சந்தேகம். அதனால் அரைப்பாளரைத் தினமும் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் எடைபோட்டார்கள். முதல்நாள் சாயங்காலம் முந்நூற்றைம்பது கிராம் கூடியிருந்தார். மதியம் சாப்பிட்டேன் என்றார். சாப்பாடு எவ்வளவு என்று கேட்டார்கள். தெரியாது. மறுநாளிலிருந்து டிபன் பாக்ஸையும் எடைபோட்டார்கள். மூன்றாம்நாள் நூற்றிருபது கிராம் குறைந்திருந்தார். கழிப்பறைக்குப் போனதாகச் சொன்னார். அது கரைந்துபோன கதைக்கு ஒத்துப்போவதாகத் தராசு குறிப்பெழுதினார்.

கட்டடத்தில் ஒரே ஒருத்தி மட்டும் பாட்டிலைக் கேட்டு வாங்கினாள். கிருமி வளர்க்கும் பிரிவைப் பார்த்துக்கொள்பவள். கையில் எந்நேரமும் கண்ணாடித் தட்டு இருப்பதால் தட்டு மேடம். தட்டில் பாகு ஊற்றி, அதில் கிருமியைப் பூசி, நடுவில் ஒரு குழிபோட்டு மருந்தை விட்டு, வெதுவெதுப்பான பெட்டிக்குள் ஒருநாள் வைப்பாள். மருந்து வேலைசெய்தால் குழியைச் சுற்றி ஒரு வெற்று வட்டம் விழும். பதினான்கு வருடமாக வட்டத்தை எதிர்பார்த்து வெள்ளையாய் மண்டிய தட்டுகளைக் கழுவியே அவளுக்கு நகம் போயிருந்தது.

மஞ்சள் தண்ணீரில் மூன்று சொட்டு விட்டாள். மறுநாள் பெட்டியைத் திறந்தபோது வட்டம் தட்டின் விளிம்பைத் தொட்டிருந்தது. அவள் அரைப்பாளரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் பார்த்தார்.

"ஏங்க, மூஞ்சியில ஒரு ரியாக்‌ஷனும் இல்ல? என்ன பண்ணியிருக்கீங்கன்னு தெரியுதா உங்களுக்கு?"

"தெரியுது மேடம். அஞ்சு கிராம் எடுத்திருக்கேன்."

"அட போங்க. வாங்க, நானே குழுவில வந்து சொல்றேன்."

அவள் தட்டோடு போய்ச் சொன்னாள். தூள் தண்ணீரில் இல்லையென்றால் கிருமி ஏன் செத்தது, இதுதான் ஆதாரம் என்றாள். இயக்குநர் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார். அதான் சார் விஷயம்."

"ஒண்ணும் இல்லாததை ஆதாரம்னு கொண்டு வந்திருக்கீங்க."

"கிருமி இருந்த இடம் சார். இப்ப இல்ல."

"அப்ப கிருமியும் காணோமா?" இயக்குநர் தட்டைக் கீழே வைத்தார். குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "வடிதாள்ல தூளைக் காணோம். தட்டுல கிருமியக் காணோம். ஒரே வாரத்துல. ஏம்மா, கிருமிய உங்க பொறுப்புல குடுத்தப்ப எத்தனை இருந்துச்சு?"

தட்டு மேடம் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். கிருமி இழப்பு குறித்து இரண்டு வாரத்துக்குள் விளக்கம் தரச்சொல்லி அவளுக்கும் ஒரு கடிதம் வந்தது. எத்தனை என்பதை எண்ணால் மட்டுமின்றி எழுத்தாலும் குறிப்பிட வேண்டும் என்று அதில் இருந்தது.

ஓய்வுபெற்றவர்தான் வழி சொன்னார். இரண்டு தூக்கத்துக்கு நடுவில். "தண்ணிய வத்தவிடுங்கப்பா. இருந்தா அடியில நிக்கும்ல."

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அரைப்பாளருக்குக்கூட மூச்சு வந்தது. தராசு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ள, இரண்டு நாள் நிதானமாக வற்றவைத்தார்கள். அடியில் அழகான மஞ்சள் பொடி நின்றது. சுரண்டி எடுத்துத் தராசு எடைபோட்டார். இருபத்தைந்து கிராம்.

மறுபடியும் எடைபோட்டார். அதேதான்.

"அஞ்சுதானே காணோம்?" என்றார் இயக்குநர்.

"அதோட சர்க்கரை இருபது சார்," என்றார் அரைப்பாளர்.

தராசு கோப்பைப் புரட்டினார். "சர்க்கரை நுகர்பொருள். குடுத்த அன்னிக்கே செலவுன்னு எழுதி முடிச்சாச்சு. செலவானது எப்படிய்யா திரும்ப வரும்? செத்தவன் சம்பளம் வாங்க வர்ற மாதிரி இருக்கு."

"அப்ப இது என்ன சார்?"

"அதை நீதான் சொல்லணும். வெளியிலருந்து இருபது கிராம் உள்ள கொண்டு வந்திருக்க. எடுத்ததைக்கூட மன்னிக்கலாம். மனுஷன் தேவைக்கு எடுப்பான். யாராவது கொண்டு வந்து வைப்பானா? எதுக்கு வச்சான்?" அவருக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

பொடியைப் பழையபடி இரண்டு லிட்டர் தண்ணீரில் போட்டுவிடும்படி குழு உத்தரவிட்டது. போட்ட மாத்திரத்தில் கரைந்தது. அதை மூன்று பேரும் கண்ணால் பார்த்தார்கள். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. வழக்கு இப்போது இரண்டு: ஐந்து கிராம் குறைவு, இருபது கிராம் மிகுதி. இரண்டையும் கழித்துக்கொள்ள விதியில் இடமில்லை.

மாதக் கடைசி வாரம் செவ்வாய்க்கிழமை இயக்குநர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். பதினோரு வருடத்தில் முதல் தடவை.

"இங்க பாருப்பா. நான் முட்டாள் இல்ல. அது கரைஞ்சிருச்சுன்னு எனக்குத் தெரியும்."

அரைப்பாளர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"தராசுக்கும் தெரியும். அந்தப் பெரியவருக்குத் தூக்கத்துலயே தெரியும். ஆனா கரைஞ்சிருச்சுன்னு நான் கையெழுத்துப் போட்டா, மேலிடத்துல மொத கேள்வி என்ன கேப்பான்? கரைஞ்சாச்சே, அப்புறம் நீங்கல்லாம் எதுக்குன்னு கேப்பான். நாப்பத்திரண்டு பேருப்பா. கசடு அறைக்கு இப்பத்தான் ரெண்டாவது குளிர்சாதனம் வந்திருக்கு. அடுத்த பத்து வருஷத்துக்குத் திட்டம் போட்டு அனுப்பியிருக்கேன். 'கரையாமையின் காரணங்கள், பகுதி ஒண்ணு'. இதுல நீ போயி…" அவர் கையை விரித்தார். "ஒரு நிறுவனத்துக்கு அதோட பிரச்சினைதான்பா அஸ்திவாரம். நீ அஸ்திவாரத்துல தண்ணிய ஊத்திட்ட."

"நான் என்ன சார் பண்ணணும்?"

"அஞ்சு கிராம் கசடைக் குடு. வடிதாள்ல, பழுப்பா, உலர்ந்து. வெள்ளிக்கிழமை காலையில. அதே கையோட பட்டியலை அனுப்பிடுறேன், உன் பேரு மேலயே இருக்கும். இல்லேன்னா திருட்டுன்னு முடிச்சு அனுப்பணும். அப்புறம் உனக்கு எந்தக் கட்டடத்துலயும் அரைக்கக் குழவி தர மாட்டாங்க."

வெளியே வந்தவர் நேராக மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் பின்கதவுக்குப் போனார். மதியச் சாப்பாட்டு நேரம். அவர் மனைவி கம்பிவேலி ஓரமாக ஒரு கவிழ்த்துவைத்த வாளிமேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே கொப்பரைகளில் துணி வெந்துகொண்டிருந்தது. நீராவியில் மருந்து நெடியும் அதற்கடியில் வேறொரு நெடியும்.

"என்ன, இந்நேரத்துல? எடை போட்டு வெளிய தள்ளிட்டாங்களா?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சாப்பிட்டபடியே கேட்டாள்.

"அந்தத் தண்ணி நெசமாவே கிருமியக் கொல்லுதா?"

"தட்டு முழுக்கக் கொன்னுருச்சு."

அவள் கைகாட்டினாள். கதவோரம் ஒரு தள்ளுவண்டி நிறையக் கட்டுத் துணி. மஞ்சளும் பச்சையுமாக. "நாலாவது வார்டு. ஆறு மாசமா அதே கட்டில், அதே ஆளுங்க. எந்த மருந்துக்கும் அடங்க மாட்டேங்குதாம். துணி மட்டும்தான் சுத்தமாகுது. நர்ஸு சொல்லிச்சு, அதுவும் சலவையாலதானாம்." டப்பாவை மூடினாள். "சரி. அதை விடுங்க. நாம வார்டைப் பத்திப் பேசுற நிலைமையிலயா இருக்கோம்? திருடன்னு எழுதிட்டா என்னையும் சேத்துத்தான் பாப்பாங்க. இங்க சோப்பு குறைஞ்சாலும் என் பையத்தான் மொதல்ல தொறப்பாங்க."

"கசடு எங்கருந்து குடுக்க? கரைஞ்சதைத் திரும்பப் பிரிக்கணும்னா அந்தச் சர்க்கரைய உடைக்கணும்."

"உடையுங்க."

"அது சும்மா உடையாது. மாவுச்சத்து. அமிலம் ஊத்தலாம்னா பூட்டி வச்சிருக்கான் தராசு. ஒரு சொட்டுக்கும் படிவம் கேப்பான்."

"நல்ல ஆளுதான் போங்க." அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து வாளியைக் காலால் தள்ளினாள். "அன்னிக்கே அந்தப் பாட்டில்ல காறித் துப்பிட்டு வந்திருக்கணும். நானா இருந்தா அதைத்தான் செஞ்சிருப்பேன்."

அரைப்பாளர் அவளைப் பார்த்தார்.

"என்ன?"

"எச்சில் மாவுச்சத்தை உடைக்கும்," என்றார்.

"அதுக்கு நீங்க காலேஜுக்கே போயிருக்க வேணாம். அஞ்சாங் கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க." பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள். "உடைச்சுட்டா, மறுபடி செய்ய முடியுமா?"

"ஒன்றரை மணிநேரம். பிசையணும், அவ்வளவுதான்."

"அப்ப குடுத்துடுங்க அவங்க கசடை. நிரந்தரம் ஆகட்டும். அப்புறம் தைரியமாப் பிசையுங்க."

புதன்கிழமை மதியம் அரைப்பாளர் தட்டு மேடத்தின் அறைக்குப் பாட்டிலோடு போனார். வெதுவெதுப்பான பெட்டி வேண்டும் என்று கேட்டு, காரணத்தையும் சொன்னார். அவள் மேசைமேல் கிருமி இழப்பு விளக்கத்தின் ஒன்பதாவது பக்கம் இருந்தது. எண்களை எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ பெரிய வட்டம் தெரியுமா அது?" என்றாள்.

"வெள்ளிக்கிழமை தாண்டட்டும் மேடம். திங்கக்கிழமை பிசைஞ்சு தர்றேன். நீங்க எத்தனை தட்டு வேணும்னாலும் போடுங்க."

"சத்தியமா?"

"ஒன்றரை மணிநேர வேலை மேடம்."

அவள் பெட்டியைத் திறந்துவிட்டு, முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர் பாட்டிலைத் திறந்து துப்பினார். முதலில் கூச்சமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் வாய் உலர்ந்தது. அப்போது இயக்குநர் உட்காரச் சொன்ன நாற்காலியை நினைத்துக்கொண்டார். மறுபடியும் ஊறியது. தராசின் பேனாவை நினைத்தார். டிபன் பாக்ஸ் எடைபோடப்பட்டதை நினைத்தார். நீக்கப்பட்டு வீட்டில் இருந்த நாற்பத்து நான்கு நாள்களையும் தனித்தனியாக நினைத்தார். பாட்டிலுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே இருந்தது. மேலே மிதந்த நுரையை அள்ளிக் கொட்டிவிட்டு, பாட்டிலைப் பெட்டிக்குள் வைத்தார்.

வியாழக்கிழமை காலையில் மஞ்சள் கலங்கியிருந்தது. மதியம் மேலிருந்து வெளுக்கத் தொடங்கியது. சாயங்காலத்துக்குள் எல்லாம் இறங்கி அடியில் பழுப்பாகப் படிந்துவிட்டது. பத்தொன்பது வருடப் பழக்கம், தூளுக்கு வழி தெரிந்திருந்தது. வடித்து, இரண்டு முறை கழுவி, காயவைத்தார்.

வெள்ளிக்கிழமை குழுவின் முன்னால் தராசு எடைபோட்டார். ஐந்து கிராமும் இரண்டு மில்லிகிராமும். அந்த இரண்டு மில்லிகிராமைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது அரைப்பாளருடைய சொந்தப் பங்களிப்பு. தராசு எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண் கலங்கியிருந்தது.

"உன்ன நான் எப்பவுமே நம்பினேன்யா."

ஓய்வுபெற்றவர் விழித்து, "கரைஞ்சுதா?" என்று கேட்டார்.

"இல்ல சார்," என்றார் இயக்குநர் சந்தோஷமாக. "கரையல."

அன்று மாலை கசடு அறையில் ஒரு சின்னக் கூட்டம். ஐந்து கிராம் பாட்டிலை இயக்குநரே அலமாரியில் வைத்தார். "இந்த வேர் தண்ணில கரையாதுன்னு எத்தனையோ தடவ நிரூபிச்சிருக்கோம். ஆனா கரைஞ்சதுக்கு அப்புறமும் கரையாதுன்னு நிரூபிச்சது இதுதான் மொத தடவ. உலகத்துல எந்த நிறுவனமும் இதைச் செஞ்சதில்ல. செய்யவும் மாட்டாங்க." எல்லோரும் கைதட்டினார்கள். தட்டு மேடமும் தட்டினாள். பிறகு ஒன்பது பக்க விளக்கத்தைத் தராசிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை அரைப்பாளர் சீக்கிரமே வந்தார். எடைபோடவில்லை, நிரந்தரப் பணியாளர்களை எடைபோடுவதில்லை. மேசைமேல் உத்தரவு இருந்தது. நின்றபடியே படித்தார். பதவியில் 'தற்காலிகம்' இல்லை. 'அரைப்பாளர்' என்பதும் இல்லை. கசடு மீட்பாளர் என்று இருந்தது. இருப்பு இழப்பை உண்டாக்கும் பொருள் என்று அந்தச் சர்க்கரை முத்திரையிட்டுப் பூட்டப்பட்டது. ஈரமாகப் பிசைவது தடைசெய்யப்பட்டது. அரைப்பதற்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஒரு நிமிடமும் கூடாது. மேற்பார்வைக்குத் தராசு கடிகாரத்தோடு உட்காருவார். கசடு மீட்பாளர் கல்வத்தைத் தொடக் கூடாது. எந்தப் பிரிவிலாவது எதுவாவது கரையும் அறிகுறி தெரிந்தால் உடனே பயன்படுத்துவதற்கு ஏதுவாக, அவர் தினமும் காலையில் இருபத்தைந்து மில்லிலிட்டர் மீட்புத் திரவம் இருப்பில் சேர்க்க வேண்டும்.

சாயங்காலம் வீட்டில் மனைவி உத்தரவை வாங்கிப் படித்தாள். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள். "எப்பப் பிசையப் போறீங்க?" என்று கேட்டாள். அவர் கல்வத்தைத் தொடக் கூடாது என்ற வரியைக் காட்டினார். அவள் தாளை மடித்து, பீரோவுக்குள் நல்ல துணிகளுக்கு அடியில் வைத்தாள். நாலாவது வார்டு வண்டி அன்றைக்கு இரண்டு தடவை வந்தது என்றாள்.

இப்போது தினமும் காலை ஒன்பதரை மணிக்கு அவர் தராசின் மேசைக்கு எதிரே நிற்கிறார். தராசு அளவுகோடு போட்ட குப்பியை நீட்டுகிறார். அவர் துப்புகிறார். தராசு குப்பியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, நுரை அடங்கும்வரை காத்திருந்து, கோட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். இருபத்தைந்துக்குக் குறைந்தால் விளக்கம் கேட்பார்கள். எத்தனையோ நாள் அவருக்கு அதற்குமேலும் துப்பத் தோன்றும். வாய் நிறைய இருக்கும். ஆனால் மிகுதியும் குற்றம்தான் என்பது அவருக்குத் தெரியும். விழுங்கிவிட்டு வந்துவிடுகிறார்.